கிருமிக்கும் ஒரு பகைவன்

(ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவமனை ஆயர் ஆற்றிய உரை)



வார்டுகளில் நோயாளிகளைச் சந்திக்கும்போது வீட்டார் எங்களிடம், "இத்தனை ஊசி போட்டும் புண் ஏன் ஆறவில்லை, ஐயா?" என்று கேட்பதுண்டு. பல வேளைகளில், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே அதற்குக் காரணம். 2019இல் மட்டும் உலகெங்கும் இவற்றால் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் மரித்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந்தக் கிருமிக்கும் ஒரு பகைவன் உண்டு. பாக்டீரியாவை மட்டுமே தாக்கும் வைரஸ் அது. ஃபெலிக்ஸ் டெரெல் என்ற ஆராய்ச்சியாளர் 1917இல் அதற்கு 'பாக்டீரியோஃபேஜ்' என்று பெயரிட்டார். 'பாக்டீரியாவைத் தின்பது' என்று பொருள். ஃபேஜ் பாக்டீரியாவின் மேல் ஒட்டிக்கொண்டு தன் மரபுப்பொருளை உள்ளே செலுத்தும். உள்ளே பல மடங்காகப் பெருகி, பாக்டீரியாவை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

பாக்டீரியா சும்மா இருக்குமா? ஃபேஜ் ஒட்டும் இடம் மாறிப்போன சில பாக்டீரியாக்கள் தப்பிவிடும். வேறு சில, உள்ளே வந்த மரபுப்பொருளை வெட்டிப்போடும். யோகர்ட்டும் சீஸும் செய்ய உதவும் ஒரு பாக்டீரியா, தன்னைத் தாக்கிய ஃபேஜின் மரபுத் துணுக்கைத் தனக்குள் சேர்த்துக்கொள்கிறது என்று 2007இல் கண்டார்கள். காவல் நிலையத்தில் திருடனின் படத்தை ஒட்டி வைப்பதைப்போல! மறுபடி வந்தால் அடையாளம் கண்டு வெட்டிவிடும். ஆனால் அந்தத் துணுக்கில் ஓர் எழுத்து மாறிய ஃபேஜ் அகப்படாமல் நுழைந்துவிடக்கூடும்.

இந்தப் போட்டி ஒரு மனிதரின் உடலுக்குள்ளேயே நடந்தது. அமெரிக்கப் பேராசிரியர் டாம் பேட்டர்சன் 2015இல் எகிப்தில் நோயுற்றார். கிருமி எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. அவர் மனைவி ஸ்டெஃபனி ஸ்ட்ராத்டீ பல ஆய்வாளர்களுக்கு எழுதி ஃபேஜ்களைத் தேடினார். 2016 மார்ச்சில் சான் டியாகோவில் அவற்றைச் செலுத்தினார்கள். நினைவிழந்து கிடந்தவர் கண் விழித்தார். ஆனால் சில நாட்களுக்குள் அந்த ஃபேஜ்களுக்குத் தப்பிய கிருமிகள் பெருகின. மாறிய கிருமியைத் தாக்கும் வேறொரு ஃபேஜை அமெரிக்கக் கடற்படை ஆய்வாளர்கள் தேடிப் பிடித்தார்கள். ஆன்டிபயாடிக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. அவர் பிழைத்து, அவ்வாண்டு ஆகஸ்டில் வீடு திரும்பினார்.

அன்பானவர்களே, ஒரே மருந்தைக் கண்டுபிடித்து வைத்துவிட்டு ஓய்ந்துவிட முடியாது. கிருமி மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒவ்வொரு நோயாளியின் கிருமியும் எதற்கு அடங்கும் என்று சோதித்தறியும் ஆய்வுக்கூடம் மருந்தைப்போலவே அவசியம். நீங்கள் அன்போடு தரும் காணிக்கை அந்த வேலையையும் தாங்குகிறது. உங்களிடம் இன்னும் ஒன்று கேட்கிறோம்: மருத்துவர் எழுதித் தராத ஆன்டிபயாடிக்கைக் கடையில் வாங்கி விழுங்காதீர்கள். அதுவும் நோயாளிகளுக்கு நீங்கள் செய்யும் பேருதவியே.