கறுத்த தோலும் கனிந்த பழமும்



சென்ற வாரம் என் பேத்தி ஓர் இனிப்புப் பண்டம் செய்தாள். தோல் முழுதும் கறுத்துப் போன மூன்று வாழைப்பழங்களை உரித்து நன்றாகப் பிசைந்தாள். உருக்கிய வெண்ணெய், வெல்லத்தூள், கோதுமை மாவு, ஒரு சிட்டிகை ஆப்பசோடா ஆகியவற்றைச் சேர்த்தாள். அந்த மாவைத் தட்டையான தட்டில் விரற்கடை உயரம் பரப்பி, ஓவன் என்னும் மின்னடுப்பில் 180 பாகை வெப்பத்தில் அரைமணி நேரம் வைத்தாள். ஆறியபின் வில்லைகளாக அறுத்துத் தந்தாள். பழத்திலுள்ள மென்மையான அமிலம் சோடாவோடு கூடிக் கரியமிலவாயுவை வெளிவிட, மாவு உப்பி மிருதுவாயிற்று என்று விளக்கமும் சொன்னாள்.

அதை உண்ணும்போது 2001-ஆம் ஆண்டில் நான் செய்த பிழை ஒன்று நினைவுக்கு வந்தது.

அப்பொழுது நான் விடுதியோடு கூடிய ஒரு பள்ளியில் தலைமையாசிரியன். ஆண்டு விழாவுக்கென அன்பர் ஒருவர் நான்கு வாழைக்குலைகளை அனுப்பியிருந்தார். மழையினால் விழா தள்ளிப்போயிற்று. நான்கு நாட்களில் பழத்தோல்கள் கறுத்துவிட்டன. "எல்லாவற்றையும் எருக்குழியில் கொட்டுங்கள்" என்று உத்தரவிட்டேன்.

விடுதியில் சமையல் செய்துவந்த அம்மையார், "ஐயா, தோல்தான் கறுத்திருக்கிறது. ஒன்றை உரித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றார். மாணவர்கள் சூழ்ந்து நின்றனர். அவர்கள் முன்னிலையில் என் சொல்லை மாற்றிக்கொள்ள மனம் வரவில்லை. "சொன்னதைச் செய்யுங்கள், அம்மா" என்றேன். இரண்டு குலைகள் குழிக்குள் போயின. அதற்குள் அலுவலகத்திலிருந்து அழைப்பு வரவே, நான் சென்றுவிட்டேன்.

மாலையில் விடுதியில் ஏலக்காய் மணத்தது. எஞ்சிய பழங்களை அரிசி மாவோடும் வெல்லத்தோடும் பிசைந்து, அந்த அம்மையார் அப்பம் சுட்டிருந்தார். பிள்ளைகள் மகிழ்ந்து உண்டனர். எனக்கும் இரண்டு அப்பங்கள் வைத்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த அப்பத்தின் இனிமை என்னைச் சுட்டது. நான் விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியன் அல்லவா!

வாழைக்காயில் மாவுச்சத்தே மிகுதி. சர்க்கரை மிகக் குறைவு. காய் முதிர்ந்ததும் எத்திலீன் என்னும் வாயுவைத் தானே வெளியிடுகிறது. அதன் தூண்டுதலால் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. நன்கு கனிந்த பழத்தில் மாவுச்சத்து பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. தோலிலுள்ள சில பொருள்கள் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடுவதே தோல் கறுப்பதற்குக் காரணம். ஆகவே தோலின் கறுப்பு மட்டும் அழுகலின் அடையாளம் ஆகாது. பூஞ்சை படர்ந்தாலோ, சாறு கசிந்து புளித்த வாடை வீசினாலோதான் பழம் கெட்டது என்று கொள்ளவேண்டும்.

கனிந்த பழத்தின் அருமையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்தை எண்ணிப் பாருங்கள். மலைவாழைப் பழம், சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய் ஆகியன அதில் சேர்கின்றன. தண்ணீர் ஒரு துளியும் சேர்வதில்லை. செறிந்த சர்க்கரை நீரைத் தன்பால் ஈர்த்துக்கொள்வதால் கிருமிகள் பெருக இயலாது; பண்டம் பல நாள் கெடாமல் இருக்கிறது. இனிப்பே அங்கு காவலும் ஆகிறது.

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், அந்த அம்மையாரையும் அழைத்து நிறுத்தி, "நேற்று நான் உரித்துப் பாராமல் தீர்ப்பளித்தேன், இவர் சொன்னதே சரி" என்று மாணவர்களிடம் கூறினேன். என் மதிப்புக் குறையும் என்று அஞ்சியிருந்தேன்; அது நிகழவில்லை. அதன்பின் வகுப்பில், "ஐயா, இது சரிதானா?" என்று எழுந்து கேட்கும் பிள்ளைகள் பெருகினர். ஓர் ஆசிரியனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

உங்கள் வீட்டுக் கூடையில் கறுத்த பழம் கிடந்தால், எறியுமுன் உரித்துப் பாருங்கள். அப்பமோ வில்லையோ, உங்கள் கையாலேயே செய்து பாருங்கள்.