உறைந்து நிற்கும் மடிக்கணினி

1972இல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை நம் பினாங்கின் பாயான் லெப்பாஸில்தான் தொடங்கியது. சில்லுகளோடு இத்தனை காலம் பழகிய பினாங்கிலும், மடிக்கணினி உறைந்து நின்றால் பதறிப்போகிறோம்.

முதலில் சார்ஜரையும் பென் டிரைவையும் கழற்றுங்கள். பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு, மறுபடி இயக்கிப் பாருங்கள். கொஞ்ச நேரம் ஓடி, சூடேறியதும் நின்றால் விசிறியில் தூசி அடைத்திருக்கலாம். மெத்தைமேல் வைத்தாலும் காற்றுவழி மூடிக்கொள்ளும்.

ஹார்ட் டிஸ்க்கில் 'டிக் டிக்' சத்தம் கேட்டால் மட்டும் திரும்பத் திரும்ப இயக்காதீர்கள். ஒவ்வொரு முயற்சியும் உள்ளே இருப்பதைச் சிதைக்கக்கூடும். கணினியை வாங்கிவிடலாம், பிள்ளைகளின் படங்களை வாங்க முடியாது. கொம்தார் வளாகத்துக் கணினிக் கடைக்குக் கொண்டுபோனால், விண்டோஸை மறுபடி போடுமுன் கோப்புகளை நகலெடுக்கச் சொல்லுங்கள்.