மெய்யும் மிகுதியும்: 'வெரி' என்னும் ஆங்கிலச் சொல்



தமிழ் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவில் ஆங்கிலச் சொல்லொன்றின் ஆராய்ச்சி எதற்கு என்று வினவலாம். ஆங்கிலக் கவிதைகளைத் தமிழாக்குவோரைப் பெரிதும் ஏமாற்றும் எளிய சொற்களுள் ஒன்று 'வெரி'. காணுமிடமெல்லாம் அதனை 'மிகவும்' என்று பெயர்த்தால், மூலத்தின் உயிர் சில இடங்களில் நழுவிவிடும்.

இலத்தீனில் 'வேருஸ்' என்பதற்கு மெய் என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தபோதும் அச்சொல் அப்பொருளையே சுமந்து வந்தது. 1611இல் வெளியான ஆங்கில விவிலியத்தில், பார்வை மங்கிய ஈசாக்கு, எதிரே நிற்பவன் தன் மூத்த மகன் ஏசாவோ என ஐயுற்றுத் தடவிப் பார்க்கிறார். அவ்விடத்தில் 'மகன்' என்பதற்கு முன் 'வெரி' நிற்கிறது. 'மிக மகன்' என்று எவரும் கூறார். 'மெய்யாகவே என் மகன்' என்பதே கருத்து. தமிழ் விவிலியம் அங்கே 'தான்' என்னும் சொல்லைக் கையாள்கிறது. பெயருக்கு முன் வரும் 'வெரி'க்கு உரிய பெயர்ப்பு அதுவே. 'தி வெரி ஹவுஸ்' என்றால் 'அந்த வீடேதான்'. தொல்காப்பியர் ஏகாரத்துக்குக் கூறிய தேற்றப் பொருள் இங்கே கைகொடுக்கிறது.

பண்புச்சொல்லுக்கு முன் வரும்போதுதான் அது மிகுதியைக் குறிக்கும். அங்கும் எல்லை உண்டு. தமிழில் 'மிக நல்லர்' எனலாம். 'மிக விரும்பினார்' எனவும் ஆம். ஆங்கிலத்திலோ வினையோடு 'வெரி' தனித்து இயையாது. 'வெரி மச்' என்றே வரும். தேநீர் 'வெரி ஹாட்' என்றால் மிகுந்த சூடு. 'டூ ஹாட்' என்றால் குடிக்கவொண்ணாச் சூடு. முன்னது அளவைக் கூறும். பின்னது அளவு மீறியதைக் கூறும். 'யுனிக்' என்பது நிகரற்றதைக் குறிப்பதால், அதன்முன் 'வெரி' சேர்ப்பதை நடையறிந்தோர் பலர் ஏற்பதில்லை.

மிகுதிப் பொருளுக்கும் தமிழில் வறுமை இல்லை. உறு, தவ, நனி என மூன்றைத் தொல்காப்பியம் சுட்டுகிறது; நன்னூல் சால, கூர், கழி என்பவற்றையும் சேர்க்கிறது. ஆயினும் பழஞ்சொல்லைப் பெய்வதால் மட்டும் கவிதை வலுப்பெறாது.

மெய்யைச் சொன்ன 'வெரி', எங்கும் வழங்கி வழங்கித் தேய்ந்து வெறும் அழுத்தக் குறியாயிற்று. 'ரியலி', 'ட்ரூலி' என்பனவும் அவ்வழியே செல்கின்றன. தமிழில் 'உண்மையிலேயே' என்பதற்கும் அந்நிலை நேர்ந்து வருகிறது. வரிதோறும் மெய்யென்று ஆணையிடும் கவிதையைப் படிப்பவர் ஐயுறத் தொடங்குவார். எனவே மொழிபெயர்ப்பாளர், 'வெரி' நிற்கும் இடத்தில் உறுதிப்படுவது பொருளின் அடையாளமா, பண்பின் அளவா என்று முதலில் காண வேண்டும். அடையாளமாயின் ஏகாரம் போதும். அளவாயின் 'மிக' என எழுதி, அதனை நீக்கியும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். நீக்கியபின்னும் அடி குன்றாது நின்றால், அச்சொல் அங்கே வேண்டுவதன்று.