யானைக்கு எத்தனை ஏக்கர்?

1796 ஏப்ரலில் நியூயார்க் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்தது. கப்பலின் பெயரே ‘அமெரிக்கா’. அதிலிருந்து இறங்கியது இரண்டு வயது யானைக்குட்டி; ஊர் வங்காளம். ஏற்றி வந்தவர் கேப்டன் ஜேக்கப் கிரவுனின்ஷீல்ட். வழியில் செயின்ட் ஹெலினா தீவில் அதற்குத் தழை வாங்கி ஏற்றியதுகூட கப்பல் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது. விற்ற விலை 10,000 டாலர் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. அமெரிக்க மண்ணில் கால் வைத்த முதல் யானை, வேடிக்கைப் பொருளாகத்தான் வந்தது.

அடுத்த இரு நூற்றாண்டும் கதை பெரிதாக மாறவில்லை. ஊர் ஊராகப் போகும் சர்க்கஸ், லாரியில் சங்கிலி, கையில் அங்குசம். பயிற்சியாளரைப் பார்த்து யானை மிரண்டதே தவிர, யானைக்காகப் பரிந்து பேச ஆளில்லை. 1903-இல் கோனி தீவில் டாப்சி என்ற யானைக்கு மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். அதைப் படமும் பிடித்து வைத்தார்கள்.

இத்தனைக்கும் யானை மேல் அமெரிக்கர்களுக்குப் பாசம் இல்லாமல் இல்லை. நியூஜெர்சியின் மார்கேட் கடற்கரையில் ‘லூசி’ நிற்கிறது: மரச்சட்டத்தின் மேல் தகடு போர்த்தி 1881-இல் கட்டிய ஆறு மாடி உயர யானைக் கட்டடம். அது இடிபடும் நிலைக்கு வந்தபோது ஊர்க்காரர்கள் குழு அமைத்து, பணம் திரட்டி, 1970-இல் அதை அப்படியே வேறிடத்துக்கு நகர்த்திக் காப்பாற்றினார்கள். மர யானைக்கு 1970-இல் கிடைத்த கரிசனம், அதே மாநிலத்தில் உயிருள்ள யானைக்குச் சட்டமாகக் கிடைக்க 2018 ஆனது.

அந்தச் சட்டத்தின் பெயர் ‘நோசி சட்டம்’. நோசி ஓர் ஆப்பிரிக்கப் பெண் யானை. மூட்டுவலியும் தோல் நோயும் இருந்தும், குழந்தைகளை முதுகில் சுமந்தபடி வருஷக்கணக்கில் மாநிலம் மாநிலமாகச் சுற்றியது. 2017 நவம்பரில் அலபாமாவில் அதிகாரிகள் அதைக் கைப்பற்றினார்கள். பயணக் காட்சிகளில் காட்டு விலங்குகளைப் பயன்படுத்தத் தடை கோரும் மசோதா நியூஜெர்சி சட்டமன்றத்தில் நிறைவேறியும், அன்றைய ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி கையெழுத்துப் போடாமல் பதவிக்காலத்தை முடித்துக்கொண்டார். அடுத்து வந்த பில் மர்ஃபி 2018 டிசம்பர் 14 அன்று கையெழுத்திட்டார். இப்படிச் சட்டம் இயற்றிய முதல் அமெரிக்க மாநிலம் நியூஜெர்சிதான்.

சரி, பறிமுதல் செய்த யானையை எங்கே கொண்டுபோய் விடுவது? ஆவேசப் பேச்சுகளில் இந்தக் கேள்வி வருவதேயில்லை. நோசி போன இடம் டென்னசியின் ஹோகன்வால்ட். 1995-இல் கேரல் பக்லியும் ஸ்காட் பிளைஸும் அங்கே சுமார் 110 ஏக்கரில் தொடங்கிய யானைகள் காப்பகம் இன்று 3,000 ஏக்கரைத் தாண்டிவிட்டது. பார்வையாளர்களை உள்ளே விடுவதில்லை; கேமரா வழியாக இணையத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கலிபோர்னியாவில் இந்த வேலை அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. ஹாலிவுட்டில் விலங்குகளைப் பழக்கிய பேட் டெர்பி, அந்தத் தொழிலின் கொடுமையைப் பார்த்து வெறுத்துப்போய், 1984-இல் எட் ஸ்டூவர்ட்டுடன் சேர்ந்து ‘பாஸ்’ (PAWS) என்ற விலங்கு நல அமைப்பை நிறுவினார். அங்கே முதலில் வந்து சேர்ந்த யானை, ஆப்பிரிக்காவிலிருந்து கூட்டமாக இறக்குமதியான குட்டிகளில் ஒன்று. உயிர் பிழைக்காது என்று கைவிடப்பட்ட நிலை. அதற்கு இருந்த அடையாளம் ‘71’ என்ற எண் மட்டும். கடைசிவரை அதுவே பெயராக நின்றுவிட்டது. பின்னாளில் சான் ஆண்ட்ரியாஸ் மலைச்சரிவில் 2,300 ஏக்கர் வாங்கினார்கள். அங்கே சவாரி கிடையாது, வித்தை கிடையாது, இனப்பெருக்கமும் கிடையாது.

அதே மாநிலத்தின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதி, யானைக்கு இடம் தேடும் இந்தச் சிக்கலை நேருக்கு நேர் சந்தித்தது 2004-இல். சான் பிரான்சிஸ்கோ உயிரியல் பூங்காவில் சில வாரங்களுக்குள் காலி, மேபெல் என்ற இரு யானைகள் இறந்தன. மிச்சம் டிங்கர்பெல், லூலு. வாழ்நாளெல்லாம் கெட்டித் தரையில் நின்ற யானைக்குப் பாதம்தான் முதலில் போகும்: நகம் வெடிக்கும், உள்ளே சீழ் வைக்கும், எலும்புவரை புண் இறங்கும். டிங்கர்பெல்லின் நிலை அதுதான். உயிரியல் பூங்காக்களின் தேசியச் சங்கம் எதிர்த்தும், பூங்கா நிர்வாகம் இரண்டையும் ‘பாஸ்’ நிலத்துக்கு அனுப்பியது. நகர மேற்பார்வைக் குழு ஒரு படி மேலே போய், இனி யானை வைத்துக்கொள்வதென்றால் குறைந்தது 15 ஏக்கர் வேண்டும் என்று விதி போட்டது. டிங்கர்பெல்லுக்கு மண்தரை கிடைத்தது நான்கே மாதம். 2005 மார்ச்சில் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. தாமதமாகச் செய்யும் மீட்பு, பாதி மீட்புதான். லூலு மட்டும் அங்கே நெடுங்காலம் வாழ்ந்தது.

நம்மூரிலும், யானையை எங்கே கொண்டுபோய் விடுவது என்ற இதே கேள்விதான் துரத்துகிறது. காஞ்சி காமாட்சியம்மன் கோயில் யானைகள் சந்தியா, இந்து, ஜெயந்தி மூன்றும் திருச்சி அருகே எம்.ஆர்.பாளையத்தில் வனத்துறை அமைத்த மறுவாழ்வு மையத்தில்தான் இடம் கண்டன.

மறுபடி கலிபோர்னியாவுக்கே வருவோம். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் எதிர்க்கரையில் உள்ள ஓக்லண்ட் உயிரியல் பூங்கா 1991-லேயே அங்குசத்தைக் கைவிட்டிருந்தது. பராமரிப்பாளர் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம். யானை தானாக வந்து பாதத்தைத் திறப்பு வழியே நீட்டும், அவர் நகத்தைச் சீவிவிடுவார், பழம் கொடுப்பார். விருப்பமில்லையென்றால் யானை திரும்பிப் போய்விடலாம். 2015-இல் இந்த அனுபவத்தைக் காட்டித்தான் கலிபோர்னியா முழுவதும் அங்குசத் தடை கேட்டார்கள். 2018 தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்தது. அப்படிப் பெயரெடுத்த பூங்காவே, தன்னிடம் தனித்துப்போன ஆண் யானை ஓஷ்ஷுக்குத் தகுந்த துணை தேடிப் பார்த்துக் கிடைக்காமல், 2023-இல் அதை டென்னசி காப்பகத்துக்கு லாரியேற்றி அனுப்பிவைத்தது.