வைக்கோலோடு போகும் பொட்டாஷ்

அறுவடை இயந்திரம் போன கையோடு, வைக்கோலை உருளைக் கட்டாகக் கட்டும் இயந்திரம் வயலில் இறங்குவதை இப்போது டெல்டா எங்கும் பார்க்கிறோம். அந்தக் கட்டுகளோடு வண்டியேறிப் போவது மாட்டுத் தீவனம் மட்டும் அல்ல.

நெற்பயிர் எடுத்துக்கொள்ளும் சாம்பல் சத்தில், அதாவது பொட்டாசியத்தில், பெரும்பங்கு வைக்கோலில்தான் தங்குகிறது. ஒரு டன் வைக்கோலில் 12 முதல் 17 கிலோ பொட்டாசியம் இருக்கும். இரண்டு டன் வெளியே போனால், ஏறக்குறைய 50 கிலோ பொட்டாஷ் மூட்டை ஒன்று போனதற்குச் சமம். அந்த மூட்டையை நாம் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம்! வைக்கோலில் பாதியையாவது வயலில் பரப்பிவிடுங்கள். அதிலுள்ள பொட்டாசியம் தண்ணீரில் எளிதாகக் கரையும். மட்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தயவுசெய்து கொளுத்த வேண்டாம்.

மணிச்சத்தின், அதாவது பாஸ்பரஸின், குணம் வேறு. அதில் பெரும்பகுதி நெல்மணியோடு போகிறது. மண்ணில் போட்ட இடத்தைவிட்டு அது அதிகம் நகராது. வேர்தான் தேடிப் போக வேண்டும். அதனால் கடைசி உழவில் அடியுரமாக இடுவதே சரி. தூர் கட்டியபின் டி.ஏ.பி.யை மேலே தூவுவது பெரும்பாலும் வீண்செலவு. அளவு மிஞ்சினால் துத்தநாகக் குறைபாடும் தலைகாட்டும்.

பொட்டாஷைப் பிரித்துக் கொடுக்கலாம். பாதி அடியுரமாக, மீதி கதிர் உருவாகும் பருவத்தில். மணல் பாங்கான நிலத்தில் இது இன்னும் அவசியம். அடி இலைகளின் நுனியும் ஓரமும் பழுப்பேறினால் பொட்டாஷ் போதவில்லை என்று பொருள். தண்டு வலுவிழந்து, பயிர் சாயும்.

குறுவைக்கு மூட்டை வாங்குமுன் மண் பரிசோதனை செய்துவிடுங்கள்.