கோப்பையா, நோட்டுப் புத்தகமா?

(மஞ்சக்குப்பத்தில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாழ்க்கையில் முன்னேற ஏழு படிகள் என்று ஏதாவது பேசுவேன் என எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் பேசப் போவது தூண்டிலைப் பற்றி. அதற்குக் காரணம் நம் செயற்குழுதான். அடுத்த ஆண்டு சந்திப்பின்போது கெடிலம் கழிமுகத்தில் ஒரு தூண்டில் போட்டி வைக்கலாம், அதிக எடை பிடித்தவருக்குச் சுழற்கோப்பை கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. "நீதான் தூண்டில் பைத்தியம். அதோட தராசு என்ஜினீயர் வேற. விதிமுறையை நீயே எழுதிடுப்பா" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். உண்மைதான். இங்கே இயற்பியல் முடித்து, பிறகு அண்ணாமலை நகரில் பொறியியல் படித்த எனக்குப் பிழைப்பு எடைக் கருவிகள். லாரியை நிறுக்கும் தராசிலிருந்து மருந்துப் பொடியை மில்லிகிராமில் நிறுக்கும் தராசு வரை பார்த்தாயிற்று.

சரி என்று எழுத உட்கார்ந்தேன். முதல் விதி சுலபம். காலை 6 மணி முதல் 10 மணி வரை, மொத்த எடை யாருக்கு அதிகமோ அவருக்குக் கோப்பை. அப்புறம் யோசித்தால், எல்லோரும் ஆழமான இடத்துக்குத்தான் ஓடுவார்கள். ஆகவே சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்க வேண்டும். கார்பன் கழியும் ரீலும் வைத்திருப்பவரும், மூங்கில் கழியில் நரம்பு கட்டி மயிலிறகுத் தண்டைத் தக்கையாகப் போடுபவரும் ஒன்றா? இரண்டு பிரிவு வைக்க வேண்டும். உயிர் இறால் இரை போடலாமா, மண்புழு மட்டும்தானா? விரல் நீளக் குஞ்சுக்கும் எடை உண்டா? செத்த மீனுக்கு எத்தனை கிராம் கழிப்பது? இப்படியே 14 விதி ஆகிவிட்டது. பதினைந்தாவது விதியை எழுதியதும் பேனாவை மூடி வைத்தேன். அது இதுதான்: "எடை போடும் முன் நடுவர் மீனின் வயிற்றை அழுத்திச் சோதிக்கலாம்."

சிரிக்கிறீர்கள். 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் ஈரி ஏரியில் ஒரு போட்டி. முதல் பரிசு 28,000 டாலருக்கு மேல். மீனின் அளவுக்கும் எடைக்கும் பொருந்தவில்லையே என்று சந்தேகப்பட்ட போட்டி நடத்துனர் எல்லோர் முன்னாலும் மீனைக் கத்தியால் கிழித்தார். உள்ளே ஈயக் குண்டுகள்! பிடிபட்ட இருவரும் 2023-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 10 நாள் சிறை, படகும் போயிற்று. தராசு பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதனிடம் கேட்டது எடை, அது எடையைச் சொன்னது.

அதற்காகப் போட்டியே மட்டம் என்று சொல்ல நான் தயாராக இல்லை. 1900-ல் பாரிஸ் ஒலிம்பிக்கை ஒட்டி சேன் நதியில் தூண்டில் போட்டி நடந்திருக்கிறது, அதிகாரபூர்வக் கணக்கில் சேரவில்லை என்றாலும். இங்கிலாந்தில் இதை ஒரு வித்தையாகவே வளர்த்திருக்கிறார்கள். பாப் நட் என்பவர் 1990, 1991, 1994, 1999 என நான்கு முறை உலகச் சாம்பியன். அவர்கள் ஆட்டம் வேறு மாதிரி. பெரிய மீனுக்காகத் தவம் கிடக்க மாட்டார்கள். சின்னச் சின்ன மீனாக, நிமிடத்துக்கு நிமிடம் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். நீளமான வலைப் பையில் உயிரோடு வைத்திருந்து, நிறுத்த பிறகு ஆற்றில் விடுவார்கள். அமெரிக்காவில் ரே ஸ்காட் என்பவர் 1972-லிருந்து தன் போட்டிகளில், பிடித்த மீனைக் கொல்லாதே என்று பிரசாரம் செய்தார். பிடித்ததைத் திரும்ப விடும் பழக்கம் அங்கே பரவியதில் போட்டிக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

நானும் போட்டியில் கலந்துகொண்டவன்தான். வளைகுடா நாட்டில் வேலை பார்த்தபோது ஊழியர்கள் நடத்திய போட்டியில் இரண்டாவது வந்தேன். அதற்குத் தயாரான நான்கு மாதத்தில் கற்ற முடிச்சுகளைப் பத்து வருஷத்தில் கற்றிருக்க மாட்டேன். ரீலின் பிடிமானத்தை நரம்பு அறுகிற பாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக வைக்க வேண்டும் என்பதைச் சும்மா படித்தால் மறந்துவிடும், போட்டிக்காக ஸ்பிரிங் தராசு மாட்டி இழுத்துப் பார்த்தால் மறக்காது. ஆனால் ஒன்று. அன்றைக்கு என் மொத்த எடை 3.140 கிலோ என்பது இன்றும் நினைவிருக்கிறது. என்னென்ன மீன், கடல் எந்தப் பக்கம் ஓடியது, பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்... ஒன்றுமே நினைவில்லை. நம்ம கெடிலக்கரையில் எடுத்த கொடுவா ஒவ்வொன்றும், தப்பித்துப் போனது உட்பட, இடத்தோடு நினைவிருக்கிறது.

"அப்படின்னா ஜாலியா பிடிச்சா போதும், கணக்கு வழக்கு எதுவும் வேண்டாம்னு சொல்றீங்களா சார்?" என்று மாணவர் ஒருவர் நேற்று கேட்டார். அதுவும் இல்லை தம்பி. இதற்குக் காவிரிக் கதையைச் சொல்ல வேண்டும்.

காவிரியின் மஹசீர் உலகப் புகழ் பெற்றது. அதன் கிளை நதியான கபினியில் 1946-ல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் 120 பவுண்டு எடையுள்ள ஒன்றைப் பிடித்தார், அதாவது 54 கிலோ. மூட்டை சிமெண்டை விட அதிகம். பின்னாளில் கர்நாடகப் பகுதியில் பீமேஸ்வரி, காலிபோர், தொட்டமக்களி என்று தூண்டில் முகாம்கள் நடந்தன. வந்தவர்கள் பிடிப்பார்கள், எடை பார்ப்பார்கள், விட்டுவிடுவார்கள். அவர்கள் கொடுத்த பணத்தில் உள்ளூர்க்காரர்கள் காவல் காத்தார்கள், வெடி வைத்து மீன் பிடிப்பது அடங்கியிருந்தது. அது காவிரி வனவிலங்குச் சரணாலயப் பகுதி. அங்கே தூண்டில் போடுவதும் சட்டப்படி வேட்டையே என்று 2012 வாக்கில் நிறுத்திவிட்டார்கள். சரியா தவறா என்று இன்றும் வாதம் நடக்கிறது. நான் அதற்குள் போகவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது காலிபோர் முகாமின் பதிவேடு. 1998 முதல் 2012 வரை அங்கே தூண்டில் போட்டவர்கள் எத்தனை மணி நேரம், எந்த வகை, என்ன எடை என்று எழுதி வைத்திருந்தார்கள். கோப்பை இல்லை, பரிசு இல்லை. ஆராய்ச்சியாளர்கள் அதைப் புரட்டிப் பார்த்து 2015-ல் கட்டுரை வெளியிட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. மொத்த மீன் குறையவில்லை, கூடியிருக்கிறது! ஆனால் கூடியது, வெளியிலிருந்து குஞ்சு பொரித்துக் கொண்டுவந்து விடப்பட்ட நீலத் துடுப்பு மஹசீர். காவிரிக்கே உரிய கூன்முதுகு மஹசீர் அநேகமாகக் காணாமல் போயிருந்தது. அப்போது அந்த மீனுக்கு உறுதியான அறிவியல் பெயர்கூட இல்லை. 2018-ல்தான் அது 'டோர் ரமாதேவி' இனம் என்று நிலைநாட்டினார்கள். அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலிலும் சேர்ந்தது.

யோசித்துப் பாருங்கள், அங்கே மொத்த எடைக்குக் கோப்பை கொடுத்திருந்தால் ஆண்டுக்கு ஆண்டு சாதனைதான்! மேடையில் கைதட்டியிருப்போம். வகை வாரியாக எழுதி வைத்ததால்தான் ஒரு மீன் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். கெடிலமும் உப்பனாறும் பெரிய தண்ணீர் இல்லை. மடவை, கிழங்கான், கெளுத்தி, அதிர்ஷ்டம் இருந்தால் கொடுவா. உப்பனாற்றின் கரையில் சிப்காட் ஆலைகள் இருக்கின்றன. அந்தத் தண்ணீரைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. பிச்சாவரம் காப்புக்காடு, அங்கே போட்டி என்ற பேச்சே வேண்டாம். அப்புறம் இன்னொன்று. தேவனாம்பட்டினத்திலும் சோத்திக்குப்பத்திலும் மீன் என்றால் சோறு. 2004 டிசம்பர் 26-ல் அந்தக் குப்பங்கள் எதை இழந்தன என்பது இந்த அரங்கில் பலருக்குச் சொந்த அனுபவம். விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. நாம் சந்திப்பு வைப்பது பெரும்பாலும் மே மாதம். அவர்கள் படகை இழுத்துக் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும்போது, நாம் பேனர் கட்டி மைக் வைத்து கழிமுகத்தில் கிலோக் கணக்கில் மீனை அடுக்கிக் கைதட்டுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சட்டம் தடுக்காமல் இருக்கலாம். அதனால் கூச்சம் போய்விடாது.

"போட்டி இல்லைன்னா எவன்டா விடியக்காலையில எழுந்து வருவான்?" என்பது என் வகுப்புத் தோழனின் வாதம். நியாயமான வாதம். கோப்பை என்றால் 60 பேர் வருவார்கள், இல்லை என்றால் 15 பேர். எனக்கு 15 பேர் போதும். கரையில் 60 பேர் நின்றால் நரம்பும் நரம்பும் சிக்கித்தான் நேரம் போகும்.

ஆகவே 15 விதிகளையும் கிழித்துவிட்டேன். பதிலாக ஒரு நீள நோட்டு வாங்கியிருக்கிறேன். தேதி, நேரம், ஏற்றமா வற்றமா, என்ன மீன், எத்தனை சென்டிமீட்டர், திரும்ப விட்டதா என்று ஆறு கட்டம். பெயர் எழுதக் கட்டம் கிடையாது. தெரிந்தேதான் விட்டேன். ஒன்றும் கிடைக்காத நாளையும் எழுத வேண்டும், அது ரொம்ப முக்கியம். ஒரு பிரதி நம் கல்லூரி விலங்கியல் துறைக்குப் போகும். ஐந்து, பத்து வருஷம் எழுதினால் யாருக்காவது உதவலாம். செயற்குழு கோப்பைதான் வேண்டும் என்று தீர்மானித்தால் எனக்கு வருத்தமில்லை, தராசைச் சரிபார்த்துக் கொடுத்துவிடுவேன். நடுவர் வேலைக்கு மட்டும் வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாளைக் காலை ஐந்தரைக்குக் கெடிலக்கரையில் முதல் பக்கத்தைத் தொடங்குகிறேன். என்னிடம் ஆறு மூங்கில் கழி இருக்கிறது. முதலில் வருபவர்களுக்கு. சொந்தத் தூண்டில் கொண்டு வருபவர்கள், முள்ளின் நுனியில் பின்னோக்கி இருக்கும் கொக்கியைக் குறடால் நசுக்கிவிட்டுக் கொண்டுவாருங்கள், மீனைச் சேதமில்லாமல் கழற்றி விடலாம். டீ வாங்கித் தருவது மேற்படி வகுப்புத் தோழனின் பொறுப்பு.