யார் கண்ணில் பட வேண்டிய விளக்கு?

(கடல் ஞாயிறை முன்னிட்டு வானொலியில் வழங்கிய மறையுரை)



ஜூலை மாதத்தின் இரண்டாம் ஞாயிறைத் திருஅவை கடல் ஞாயிறாகக் கடைப்பிடிக்கிறது. தறியும் கோபுரமுமாக இருக்கும் காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு கடலைப் பற்றி என்ன மறையுரை என்று எங்கள் பங்கு மக்களே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது கோவளமும் மாமல்லபுரமும் அதோடு போய்விட்டன. இன்று எங்கள் மாவட்டத்துக்குக் கடற்கரையே இல்லை.

ஆனால் எங்கள் ஊரின் பெயர் ஒருமுறை கடலில் மோதியது. 2017 ஜனவரி 28, விடியற்காலை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே, எரிவாயுவை இறக்கிவிட்டுப் புறப்பட்ட ஒரு கப்பலும், எண்ணெயோடு உள்ளே வந்த இன்னொரு கப்பலும் மோதிக்கொண்டன. உள்ளே வந்த கப்பலின் பெயர் 'டான் காஞ்சிபுரம்'. இரண்டும் பெரிய கப்பல்கள். ராடார் இருந்தது, பயிற்சி பெற்ற மாலுமிகள் இருந்தார்கள். இருந்தும் மோதின. கரைக்கு வந்த எண்ணெயை இளைஞர்கள் வாளியால் அள்ளியதை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். சென்னையில் மீன் வாங்க ஆள் இல்லாமல் போயிற்று. மோதியவர்கள் யாரோ, பட்டினி கிடந்தது மீனவன் வீடு.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. கப்பல் இடித்து மீன்பிடிப் படகு கவிழ்ந்தது என்று செய்தி வந்தால், "படகுக்காரர்கள் எங்கே விதியை மதிக்கிறார்கள்?" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பத்திரிகையை மடித்து வைப்பவர்கள் நம்மில் உண்டு. அது பாதி உண்மை. பாதி உண்மையை வைத்து இறந்தவன்மேல் பழி போடக் கூடாது.

கடலுக்கும் சாலை விதிகள் உண்டு. 1972-இல் உலக நாடுகள் கூடி வகுத்து, 1977 முதல் நடைமுறையில் இருப்பவை அவை. இழுவலை இழுக்கும் படகு இரவில் மேலே பச்சை, கீழே வெள்ளை விளக்கு காட்ட வேண்டும். வேறு வலையோ தூண்டிலோ போட்டிருக்கும் படகு மேலே சிவப்பு, கீழே வெள்ளை. பகலில், முனையோடு முனை சேர்ந்த இரண்டு கூம்புகளை, பார்க்க உடுக்கை போல, உயரத்தில் தொங்கவிட வேண்டும். மூடுபனியில் ஒரு நீண்ட ஒலி, இரண்டு குறுகிய ஒலி. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறையாவது. இந்த அடையாளத்தைப் பார்த்தால், திறந்த கடலில், எவ்வளவு பெரிய கப்பலாக இருந்தாலும் அதுதான் ஒதுங்கிப் போக வேண்டும். வலை போட்டவன் திரும்ப முடியாது என்பதால் வழி அவனுக்கு. (குறுகிய துறைமுக வாய்க்காலில் மட்டும் இது மாறும்; அங்கே படகு வழி விட வேண்டும்.) எளியவனுக்கு வலியவன் வழிவிடுவதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். இறையியல் படித்த எனக்கு இதைப் படித்தபோது சற்று வியப்பாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த உரிமை விளக்கில் தொங்குகிறது. விளக்கு இல்லையென்றால், கப்பலுக்கு அங்கே படகே இல்லை.

இளம் குருவாகக் கடற்கரைப் பங்கு ஒன்றில் பணியாற்றியபோது ஒரு படகு உரிமையாளரிடம் கேட்டேன்: "ஏன் விளக்கை அணைத்து வைக்கிறீர்கள்? பேட்டரி தீர்ந்துவிடும் என்றா?" அவர் சிரித்தார். "அதுவும் உண்டு சாமி. ஆனா லைட்டு தெரிஞ்சா, மீன் இருக்குற இடம் பக்கத்துப் படகுக்காரனுக்குத் தெரிஞ்சிடும்ல?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்துப் படகுக்காரன் கண்ணில் படக் கூடாது என்று மறைத்த விளக்கு, கப்பல்காரன் கண்ணிலும் படாது. விளக்கை மரக்காலுக்குள் மூடி வைப்பதைப் பற்றி ஆண்டவர் பேசியபோது, கேட்டுக்கொண்டிருந்தவர்களில் மீனவர்களும் இருந்தார்கள் என்பதை அன்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. வலை இழுக்கும்போது மேல்தளத்தில் பெரிய விளக்குகளை எரியவிடுவார்கள். அந்த வெளிச்சத்தில் பச்சையும் சிவப்பும் கரைந்துபோகும். படகு இருப்பது தெரியும். அது என்ன செய்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியாது.

கப்பலின் பக்கமும் பார்ப்போம். எங்கள் ஊர்த் தேரோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடித்து ஓடும் தேர், நில் என்றால் நிற்காது. முட்டுக்கட்டை போடுகிறவர் சக்கரத்தின் அருகிலேயே கண்ணிமைக்காமல் வருவார். முன்னால் நிற்பவர் கையசைப்பதுதான் அவருக்குக் கட்டளை. சரக்கேற்றிய பெருங்கப்பலும் அப்படித்தான். இயந்திரத்தைப் பின்னோக்கி முடுக்கினாலும் நிற்க ஒன்றிரண்டு கடல் மைல்கூட ஆகலாம். கப்பலின் மூக்குக்கு முன்னால் 500 மீட்டர் வரை, மேலே நிற்பவருக்குக் கடல் தெரியாமல் இருக்கவும் விதி இடம் தருகிறது. மரப்படகும் ஃபைபர் படகும் ராடாரில் மங்கலாகவே விழும். ஆகவேதான், கண்ணாலும் காதாலும் எந்நேரமும் காவல் இருக்க வேண்டும் என்று அந்த விதிகள் எல்லாக் கலங்களுக்கும் சொல்கின்றன. முட்டுக்கட்டைக்காரர் தூங்கினால் தேருக்கு என்ன ஆகும்?

2017 ஜூன் 11, பின்னிரவு. கொச்சிக்கு அப்பால் 'கார்மேல் மாதா' என்ற படகின்மேல், பனாமா நாட்டுக் கொடியேந்திய 'ஆம்பர் எல்' கப்பல் மோதியது. இருவர் இறந்தார்கள், ஒருவர் காணாமல் போனார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 7, கேரளக் கடலிலேயே 'ஓஷியானிக்' படகு. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் குமரி மாவட்டத்தினர், இராமன்துறைக்காரர்கள். முதல் நாள் மூன்று உடல்கள் கிடைத்தன. ஒன்பது பேரைத் தேடிக்கொண்டே இருந்தார்கள். 2021 ஏப்ரல் 13, மங்களூருக்கு மேற்கே, பேப்பூரிலிருந்து போன 'ரபா' படகு. பதினான்கு பேரில் உயிரோடு மீட்கப்பட்டவர் இருவர். 'கார்மேல் மாதா' என்ற பெயரை வாசித்தபோது கோவளத்துக் கார்மேல் மாதா ஆலயம்தான் என் கண்முன் வந்தது. அன்னையின் பெயரை எழுதிய படகில், அன்னையை நம்பிப் படுத்தவர்கள்.

நம்பிப் படுப்பது தவறா? தூய மாற்கு நான்காம் அதிகாரத்தில், புயலின் நடுவே ஆண்டவரே படகின் பின்புறம் தலையணைமேல் உறங்குகிறார். பகலெல்லாம் உழைத்த உடம்பு. ஆனால் அந்தப் படகில் எல்லாரும் உறங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். விழித்திருந்தவர்கள் இருந்ததால்தான் அவரை எழுப்ப முடிந்தது. மாற்கு மட்டும் இன்னொன்றையும் சொல்கிறார்: வேறு படகுகளும் அவரோடு சென்றன. மற்ற நற்செய்தியாளர்கள் விட்டுவிட்ட விவரம் இது. புயல் அடங்கியபோது, ஆண்டவரை ஏற்றிக்கொள்ளாத அந்தப் படகுகளுக்கும் சேர்த்தேதான் கடல் அமைதியானது.

வழி எனக்கு என்று விதி சொன்னாலும், எதிரே வருபவன் தனியாகத் தவிர்க்க முடியாத அளவு நெருங்கிவிட்டால், உரிமை உள்ளவனும் விலக வேண்டும் என்று கடல் விதி சொல்கிறது. விசாரணை அறைகளில் இதை வைத்து வழக்கறிஞர்கள் நெடுநாள் வாதாடுவார்கள். அதற்குள் குமரிக் கரையில் ஒரு வீட்டில், உடல் கிடைக்காததால் கல்லறைக்குப் போக வழியில்லாத மனைவி காத்திருப்பார். காணாமல் போனவர் இறந்தார் என்று சட்டம் பொதுவாக ஊகிக்க ஏழு ஆண்டுகள் வேண்டும். அதுவரை அந்தப் பெண் கைம்பெண்ணா, இல்லையா? பிள்ளைகள் அப்பாவுக்கு எந்த மன்றாட்டைச் சொல்வார்கள்?

இன்று உங்கள் ஆலயத்தில் நம்பிக்கையாளர் மன்றாட்டு வாசிக்கிறவர், காணாமல் போனவர்களின் இந்தக் குடும்பங்களுக்காக ஒரு மன்றாட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். படகில் விளக்கேற்றிக் காவல் இருக்கிறவருக்காகவும், பின்னிரவு இரண்டு மணிக்குக் கப்பலின் மேல்தளத்தில், தூக்கத்தோடு போராடி நிற்கும் முகம் தெரியாத அந்த மாலுமிக்காகவும் இன்னொன்று.